வீட்டில ஆருக்குத் தெரியாது?

வன்னிக்கு முதல் நியமனம் பெற்று வரும் இளம் வைத்தியர்கள் என்னைப் பார்க்க வந்தால் பெரும்பாலும் இரண்டு விசயங்களைத்தான் கேட்பார்கள். ஒன்று பாம்புக்கடி. மற்றது, இங்கிருந்து இடமாற்றம் எப்போது கிடைக்கும் என்பது. பாம்புக்கடிக்குப் புத்தகம் இருக்கிறது, அதை என்னைவிட நீங்கள் புதிதாகப் படித்திருப்பீர்கள். இடமாற்றத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் வைத்தியராவதற்கு வெகுகாலம் முன்னால், மருத்துவ பீடத்துக்குள் கால் வைப்பதற்கும் முன்னால், ஒரு மாற்றம் என்னைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொன்னேன். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். மருந்துப் பெயர் ஒன்றும் வராது. பேனையை மூடி வையுங்கள்.

ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒளித்து வைத்தவர்களால் பட்டது போதும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த முடிவை எடுத்த நேரத்தில் என் அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு அது தெரியும். றோட்டுக்கு எதிர்ப்பக்கம் கடை வைத்திருந்தவருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது படிக்கிற பிள்ளைக்கு மட்டும்தான்.

"படிக்கிற பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ." எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். மாடு செத்தாலும், கூரை எரிந்தாலும், சோதினை முடியும்வரை பிள்ளையின் காதுக்குப் போகக்கூடாது. என்னோடு விடுதியில் இருந்த ஒருத்திக்குத் தன் அம்மப்பா இறந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் தெரியும். அவள் அழுதபோது நாங்களே அவளைச் சமாதானப்படுத்தினோம், உன் நன்மைக்குத்தானே செய்தார்கள் என்று. அப்போது அது எங்களுக்கு நியாயமாகவே பட்டது.

எங்கள் வீடு கனகராயன்குளத்தில், கண்டி றோட்டோரம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணப் பக்கத்தவர்கள். பங்கு பிரித்துப் பிரித்து ஒரு கோழி கிண்டும் அளவுக்கு வந்துவிட்ட வளவை விட்டுவிட்டு, குளத்துக்குக் கீழே காணி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். காடு வெட்டினார்கள், காய்ச்சலில் கிடந்தார்கள், யானையோடு சண்டை போட்டார்கள், கடைசியில் நெல் விளைந்தது. நான் ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தார்கள். அதனால் வீடு என்பது எனக்கு விடுமுறைக்கு வந்து போகும் இடமாகவே இருந்தது. வீட்டு நினைப்பு மட்டும் எப்போதும் குறையாமல் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். கொழும்பில் முன்மருத்துவ வகுப்பில் இருந்தேன். மருத்துவ பீடத்துக்குப் போகுமுன் ஒரு வருடம் விஞ்ஞானப் பாடங்கள் படித்துத் தேற வேண்டும். தவளை, சுறாக்குட்டி, கரப்பான் என்று கிடைத்ததையெல்லாம் அறுத்துக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில், கண்டிப் பக்கத்தில் புதிதாக இன்னொரு மருத்துவ பீடம் தொடங்குகிறார்கள், விருப்பமானவர்கள் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. சித்திரை விடுமுறைக்கு வீட்டுக்குப் போய், திரும்பி வரும்போது பதில் சொல்ல வேண்டும்.

விடுதியில் ஆளுக்கொரு நியாயம். கொழும்பு பழைய இடம், பெரிய ஆஸ்பத்திரிகள், பெயர் பெற்ற ஆசிரியர்கள். கண்டியில் மேசை வந்துவிட்டதாம், கதிரைதான் இன்னும் வரவில்லையாம் என்று பகிடி பண்ணினார்கள். புது இடத்தில் முதல் ஆளாக இருந்தால் முன்னுக்கு வரலாம் என்றும் சிலர் சொன்னார்கள். நான் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினேனே தவிர, என் கணக்கு வேறு. கண்டியில் பஸ் ஏறினால் எங்கள் வீட்டு வாசல் படலையில் இறங்கலாம். அதே றோட்டு. கொழும்பிலிருந்து என்றால் தவணை விடுமுறைக்கு மட்டும்தான் வர முடியும். என் மனம் முக்கால்வாசி கண்டியில் இருந்தது. மிச்சக் காலுக்கு அம்மாவைக் கேட்போம் என்று வீட்டுக்கு வந்தேன்.

வந்த அன்றைக்கே குசினியில் வைத்துக் கதையைத் தொடங்கினேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கண்டியோ? உனக்குச் சளி கட்டிற உடம்பு. அந்தக் குளிருக்குள்ள நீ சோதினை எழுதினமாதிரித்தான்."

"அங்கயும் சனம் இருக்குதுதானே அம்மா."

"அவை அங்க பிறந்தவை. கட்டடத்தில சீமெந்தே இன்னும் காயேல்லையாம். ஆர் வந்து படிப்பிக்கிறதெண்டும் தெரியாதாம். கொழும்பெண்டா கொழும்புதான்."

"இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஏன், எனக்குக் காது இல்லையோ?"

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கண்டியெண்டாலும் பிழையில்லை," என்று மெல்லச் சொன்னார். "ஒரு குழப்பம் எண்டு வந்தாலும் றோட்டைப் பிடிச்சு நடந்தெண்டாலும் பிள்ளை வந்து சேந்திடும்." அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அப்பா அம்மாவுக்கு எதிராகக் கருத்துச் சொல்வதே அபூர்வம், சொன்னாலும் அது அரை நிமிடம்தான் உயிரோடு இருக்கும். ஆகவே நான் சிரித்தேன்.

இப்போது நீங்கள் வைத்தியர்கள். நான் சொல்வதை ஒரு நோயாளியின் வரலாறு என்று எண்ணிக் கேளுங்கள்.

விடுமுறைக்கு வந்தால் என் தலைக்கு எண்ணெய் வைத்து, வாரி, இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது அம்மாவின் வேலை. எனக்கு அது பிடிக்காது, இழுத்து இழுத்துப் பின்னுவார். அந்த முறை சீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கொழும்பில நீதானே பின்னிறனி. இனி நீயே பின்னிப் பழகு," என்றார். என்னைப் பெரிய மனுசியாக மதிக்கிறார் என்று சந்தோசப்பட்டேன். கிணற்றடியில் அம்மா குளிக்க அப்பா தண்ணீர் அள்ளி ஊற்றினார். அந்த வீட்டில் அப்படியொரு காட்சியை நான் கண்டதே இல்லை. "வயசு போகப் போகத்தான் அப்பாவுக்கு அன்பு கூடுது," என்று பகிடி பண்ணினேன். அப்பா சிரிக்கவில்லை, வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அம்மா பக்கத்தில் வரும்போதெல்லாம் ஏதோ எண்ணெய் மணந்தது. கேட்டதற்கு, கை உளைவு, பரியாரியார் பூசச் சொன்னவர் என்றார். நாட்டு வைத்தியருடைய எண்ணெய் எந்த வீட்டில்தான் மணக்காது? நானும் விட்டுவிட்டேன்.

காசிம் நானாவின் கடை எங்கள் படலைக்கு நேர் எதிரே இருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், நானா என்றால் அவர்களுக்கு அண்ணன். நெல்லும் உளுந்தும் கண்டிக்கு ஏற்றிப்போய் மலைநாட்டு மரக்கறியோடு திரும்பும் லொறி ஒன்று வைத்திருந்தார். நாங்கள் காடு வெட்டிய காலத்திலிருந்து பழக்கம். அம்மாவைத் தங்கச்சி என்றும் என்னை மகள் என்றும்தான் அவர் கூப்பிடுவார். சீனி வாங்கப் போன என்னிடம் அவராகவே கதையைத் தொடங்கினார்.

"கண்டிக்கு மாறலாமெண்டு கேள்விப்பட்டன் மகள். நல்ல விசயம். என்ர லொறி கிழமைக்கு ரெண்டுதரம் போகுது. காலமை ஏறினா மத்தியானம் வீட்டில சாப்பிடலாம்."

"அம்மா கொழும்புதான் நல்லமெண்டு நிக்கிறா, நானா."

அவர் சீனிச் சுருளைக் கட்டினார். பிறகு அதை அவிழ்த்து மறுபடி கட்டினார். "கிழமைக்கு ரெண்டுதரம் போகுது, மகள். நினைச்ச நேரம் வந்து அம்மாவைப் பாத்திட்டுப் போகலாம்."

"என்ன நானா, லொறிக்கு ஆள் பிடிக்கிறியளோ?" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் சுருளை உடனே என் கையில் தரவில்லை, கொஞ்ச நேரம் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் எனக்குத் தெரியும். அம்மாவை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அந்த லொறிதான். யாருக்கும் சொல்வதில்லை என்று அம்மா அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார். வாக்குக் கொடுத்த மனிதனுக்கு நோயைப் பற்றி வாய் திறக்க முடியாது. றோட்டைப் பற்றியும் லொறியைப் பற்றியும் பேசலாம். அவருக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான், அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளே, வார்டில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர், நீங்கள் கேட்காத ஒன்றை இரண்டாம் தரமும் சொன்னால், கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு அவரைத் தனியே கூட்டிப்போய்க் கேளுங்கள்.

விடுமுறை முடியப் போகும் நாளில் அம்மா கடைசி ஆயுதத்தை எடுத்தார். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து கட்டிலில் இருந்தார்.

"எனக்கு ஒரு ஆசைதான் பிள்ளை. என்ர மகள் கொழும்பில படிச்ச டொக்டர் எண்டு நாலு பேர் சொல்ல வேணும்."

அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் அறியேன். சேலை கேட்டதில்லை, சங்கிலி கேட்டதில்லை, கோயிலுக்குக் கூட்டிப்போ என்றுகூடக் கேட்டதில்லை. முதல் தரமாக ஒன்று கேட்கிறார், அதை எப்படி மறுப்பது? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற என் ஆசையை மடித்து உடுப்போடு பெட்டிக்குள் வைத்தேன். கொழும்புக்குப் போய், நான் மாறவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு பரிசு கொடுத்துவிட்ட பெருமை அன்று முழுக்க என் முகத்தில் இருந்திருக்கும்.

முன்மருத்துவம் தேறினேன், மருத்துவ பீடத்துக்குப் போனேன். அந்த ஆவணி விடுமுறைக்கு வந்தபோது அம்மா மெலிந்திருந்தார். வயல் வேலை என்றார். மார்கழியில், வரவேண்டாம், ஊரில் அம்மாள் வருத்தம் பரவுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மை போட்ட ஊருக்குப் போய் அதைக் கொண்டுவந்து விடுதிக்குள் பரப்பக்கூடாது என்று நானும் கொழும்பிலேயே நின்றேன். அம்மாளாச்சியின் பேரிலேயே பொய் சொல்லும் அளவுக்கு அம்மாவுக்குத் துணிவு வந்திருந்தது என்றால், எவ்வளவு பயந்திருப்பார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

அடுத்த சோதினை வந்தது. கடைசித் தாளை எழுதிவிட்டு வெளியே வருகிறேன், வாசலில் காசிம் நானா நிற்கிறார். வேட்டி கசங்கி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலேயே வந்துவிட்டாராம். நான் உள்ளே போகும்போது கண்டு, லொறிக்குப் பின்னால் மறைந்து நின்றாராம்.

"அம்மாவுக்குச் சுகமில்லை மகள். வாங்கோ, போவம்," என்றார். "நான் அவவுக்கு வாக்குக் குடுத்தனான். சோதினை முடியும்வரைக்கும் எண்டுதான் வாக்கு. இப்ப முடிஞ்சுது."

குருநாகல் தாண்டினோம். அதற்குப் பிறகு, றோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். நான் கண்டியா கொழும்பா என்று கேட்டுக்கொண்டு வந்த அந்தச் சித்திரைக்கு முன்னமே வவுனியாவில் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்த டொக்டர், உடனே கொழும்புக்குக் கொண்டுபோங்கள், இந்த வருத்தத்துக்கு அங்கேதான் வைத்தியம் என்று சொல்லியிருக்கிறார்.

"பிறகேன் கொண்டுபோகேல்லை?" என்று கத்தினேன்.

"உங்கட அம்மா மாட்டனெண்டவ. கொழும்பு ஆஸ்பத்திரியில என்ர பிள்ளை திரிவாள், கட்டிலில கிடக்கிற என்னைக் கண்டிடுவாள், கண்டா படிப்பை விட்டிடுவாள் எண்டவ. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தனான். உங்கட அப்பா காலில விழாத குறை."

இதைக் கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். அந்தக் காலம் முழுவதும் நான் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. முதல் வருடம் தவளை. அதற்குப் பிறகு பீடத்தில் பிரேதத்தை அறுத்துப் படிப்பது. உயிருள்ள நோயாளியைப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைக்க இன்னும் காலம் இருந்தது. அம்மா கொழும்புக்கு வந்து மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாக் கட்டிலுக்கும் போவார்கள் என்று நினைத்துவிட்டார். அதை அவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? என்னிடம் கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டுவிடுவேனே.

என்னைத் தூரத்தில் வைத்திருப்பதற்காகக் கொழும்பில் நிறுத்தினார். நான் கொழும்பில் நின்றதால் அவர் கொழும்புக்கு வரவில்லை. நான் கண்டிக்கு மாறியிருந்தால் கிழமைக்குக் கிழமை வந்து அந்தப் பின்னலைப் பின்னச் சொல்லிக் கேட்டு, அவரால் கை தூக்க முடியவில்லை என்று கண்டுபிடித்திருப்பேன். கண்டுபிடிக்காவிட்டாலும், மகள் இல்லாத கொழும்புக்கு அம்மா பயமில்லாமல் போயிருப்பார். அந்தச் சித்திரையிலேயே அறுத்திருந்தால் சில வருடங்களாவது கிடைத்திருக்கும் என்று இத்தனை வருட அனுபவத்தோடு நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. இந்த வருத்தத்தில் யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

தம்புள்ளையில் லொறி பழுதாகி, வீட்டுக்கு வந்து சேர விடிந்துவிட்டது. அம்மா கூடத்தில் கிடந்தார். பாதி அம்மாதான் மிச்சம். என்னைக் கண்டதும் கண் விரிந்தது.

"சோதினை எப்பிடி?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ விட்டிட்டு வந்திருப்பாய்."

"வந்திருப்பன்தான்!"

"அதுதான்."

வழக்கு முடிந்துவிட்டது என்பது போல் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தால் மறுபடி திறந்து, "எல்லாக் கேள்வியும் எழுதினனியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்கு வந்த கோபத்தை இன்றுவரை மறக்கவில்லை. சாகக் கிடக்கும் தாயின் மேல் கோபப்படுவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அன்று பின்னேரம் அம்மாவின் தலையை வாரிப் பின்னிவிட்டேன். "இழுத்துப் பின்னாதை," என்றார். அந்தக் கிழமையே போய்விட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு அப்பா கிணற்றடியில் இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். "கண்டியெண்டு நான் ஒருக்காச் சொன்னனான், பிள்ளை," என்றார். "ஓம் அப்பா, சொன்னனீங்கள்," என்றேன். அதற்குமேல் அவருக்கும் எனக்கும் இடையில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

மாறாமல் நின்றது பிழையா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது, தெரிந்த அளவில் சரியான முடிவுதான். நீங்களும் இங்கே தினம் தினம் அப்படித்தான் முடிவெடுக்கப் போகிறீர்கள், பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும். தெரியாத பாதியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதுதான் உங்கள் வேலையில் கஷ்டமான பகுதி. இங்கத்தைய சனம் உங்களை ஏமாற்றுவதற்காக மறைப்பதில்லை. அன்பினால் மறைப்பார்கள், அதனாலேயே கண்டுபிடிப்பது கடினம்.

அறுபதுகளின் கடைசியில் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள். பெண் டொக்டர் வந்திருக்கிறா என்று கேள்விப்பட்டு, அதுவரை யாருக்கும் காட்டாமல் இருந்த பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இல்லை, தோட்டம் செய்து பிள்ளைகளை வளர்ப்பவர். சட்டையை அவிழ்க்கும்போதே எனக்கு அந்த எண்ணெய் மணந்தது. கட்டி உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இன்னும் தொட்டால் அசைந்தது. அக்குளில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நேரம் இருந்தது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கொழும்புக்குப் போக வேண்டும், அறுக்க வேண்டும், உடனே. அவர் தலையை ஆட்டினார். வன்னியில் அந்தத் தலையாட்டலுக்குச் சம்மதம் என்று பொருள் கொள்ளாதீர்கள். அதனால் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். மற்ற டொக்டர்மார் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்பார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை.

"வீட்டில ஆருக்குத் தெரியாது?"

அவருடைய முகம் மாறியது. "மூத்தவனுக்கு," என்றார். "யாழ்ப்பாணத்தில நிண்டு படிக்கிறான். யூனிவேர்சிற்றிக்குப் போற சோதினை இப்ப நடக்குது. அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர். கும்பிட்டுக் கேக்கிறன். அவனுக்கு ஒரு இடம் கிடைக்கட்டும், பிறகு பாப்பம்."

வெளியே வரிசை நீண்டு நின்றது. மிசி என்று நாங்கள் கூப்பிடும் தாதி கதவைத் திறந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்களுக்குச் சொன்ன கதையை அவருக்கும் சொன்னேன். பின்னல், கிணறு, சீனிச் சுருள், லொறி எல்லாம். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"உங்கட அம்மா சொல்லியிருந்தா, நீங்கள் டொக்டராயிருப்பியளோ?"

ஆம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் அம்மா செய்தது சரி என்றாகிவிடும். அந்த அம்மாவும் எழும்பிப் போய்விடுவார்.

"தெரியாது அம்மா," என்றேன். "ஆயிருக்கமாட்டனோ என்னவோ. ஆனா அவவோட இருந்திருப்பன்."

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிறகு சின்னக் குரலில் கேட்டார். "வெள்ளிக்கிழமையோட அவனுக்குச் சோதினை முடியுது. சனிக்கிழமை சொல்லட்டே?"

இங்கேதான் நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. உடனே என்று பிடிவாதம் பிடித்திருக்கலாம், புத்தகம் அப்படித்தான் சொல்லும். அந்தக் கட்டிக்கு ஒரு கிழமை பெரிய காரியமில்லை. அந்த அம்மா என்னிடம் திரும்பி வராமல் போய்விடுவதுதான் பெரிய காரியம். அவருடைய மகனுக்கு நானாகச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. சரி, சனிக்கிழமை சொல்லுங்கோ என்றேன். அவர் போன பிறகு மிசி கேட்டார், "அவ சொல்லுவாவோ டொக்டர்?" எனக்குத் தெரியாது என்றேன். அந்தக் கிழமை என் வாழ்க்கையிலேயே நீண்ட கிழமை. என் அம்மாவாக இருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை முழுக்க யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் குவார்ட்டர்ஸில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, படலையில் சைக்கிள் வந்து நின்றது. மீசை அரும்பிய ஒரு பெடியன். புதுக்குடியிருப்பிலிருந்து மிதித்து வந்ததில் சட்டை முழுக்க வியர்வை, அழுததில் கண் வீங்கியிருந்தது. வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை, சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை.

"டொக்டர், அம்மாவைக் கொழும்புக்கு எப்ப கூட்டிக்கொண்டு போகலாம்?"

எந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய்க்கவில்லையோ, அந்தக் கேள்வி. கையிலிருந்த ஈரச் சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்கே," என்றேன். "நாளைக்கே கூட்டிக்கொண்டு போகலாம், ராசா."